நீங்க மொதல்ல போங்க

ஹாலில் ஒரே கூச்சல். ஊசி போடும் அறையில் ஒரு குண்டுப் பையனின் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனை அவன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன்.

தோளில் ஒரு பெண் குழந்தையைப் போட்டுக்கொண்டு, வரிசையைப் பிளந்து, டாக்டர் அறைக் கதவு வரைக்கும் வந்துவிட்டிருந்தாள் ஒருத்தி. டோக்கன் கூப்பிடும் பெண் இரண்டு கைகளையும் விரித்துக் கதவை மறித்து நின்றிருந்தாள்.

"ஏனுங்க, நாங்கெல்லாம் காத்தாலயிருந்து உக்காந்திருக்கறது உங்க கண்ணுக்குத் தெரியிலீங்களா?" என்றார் பின்னால் ஒரு பெரியவர்.

"எங்க கொழந்தையும் கொழந்தைதானுங்க" என்றாள் இன்னொருத்தி.

வந்தவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. "இப்பவே பாக்கோணும். இப்பவே" என்று கதவையே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தோளில் இருந்த குழந்தையோ மூக்கு ஒழுக, கையில் பிசுபிசுத்த பிஸ்கட்டோடு, என்னைப் பார்த்துச் சிரித்தது. அவசரத்துக்கான அறிகுறி ஒன்றையும் காணோம்.

எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. என் வாய்க்கு அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் உட்பட எல்லோருக்கும் பயம். "ஏம்மா, வரிசைன்னா என்னன்னு தெரியாதா உனக்கு?" என்று ஆரம்பித்தேன். அவள் திரும்பினாள்.

கோகிலா.

சில வருடங்களுக்கு முன்னால், இதே ஹாலில், எல்லோருக்கும் வழி விட்டு உட்கார்ந்திருந்தவள் இவள். அப்படி வழி விட்டதில் ஒரு மகனைப் பறிகொடுத்தவள். அது அவளுக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

மரியாதையான ஊர்

கோகிலா என்பது இந்தப் பத்திரிகைத் தொடருக்காக நான் வைத்த பெயர். ஊர் அன்னூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுத அவளிடம் கேட்டுவிட்டேன். ஏன் இத்தனை வருடம் எழுதவில்லை என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, வருகிறேன்.

நான் பழைய கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்தவள். முஸ்லிம் குடும்பம். அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சைக்கிள் உதிரி சாமான் கடை. எங்கள் தெருவில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. பாசமாகக் கூப்பிட்டாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். அங்கிருந்து நர்சிங் படித்துவிட்டு, அவிநாசி ரோட்டுக்குச் சற்று உள்ளே தள்ளியிருந்த அந்தச் சின்னக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தபோது, முதல் நாளே ஒரு விவசாயி என்னிடம் வந்து, "ஏனுங்க சிஸ்டருங்க, குடிக்கறதுக்குத் தண்ணி எங்கீங்க இருக்குதுங்க?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முறைத்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார். பாவம்.

பிறகு பழகிவிட்டது. பிறந்து நாற்பது நாள் ஆகாத குழந்தையிடமே "சாமி, பால் குடிக்கறீங்களா? அழுகாதீங்க கண்ணு" என்று பேசுகிற ஜனங்கள். பெயர்கள் மட்டும்தான் எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. தரணீஷ், கவினேஷ், ஜஸ்வந்தீஷ் என்று ஹாலில் ஒரு பெயரைக் கூப்பிட்டால் நாலு அம்மாக்கள் எழுந்து நிற்பார்கள்.

இந்த மரியாதையில் ஒரு சங்கடம் உண்டு. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். "நான் சொன்னது புரிஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டால், புரியாவிட்டாலும் "புரிஞ்சுதுங்க" என்பார்கள். இல்லை என்றால் டாக்டர் வருத்தப்படுவாராம். மருந்தைக் குழந்தை மூன்று வேளையும் துப்பியிருக்கும். கேட்டால், "குடுத்தோமுங்க". கொடுத்தது உண்மைதானே.

ஒரு அப்பா தன் பையனுக்கு இருமல் என்று காட்டிவிட்டு, சீட்டு வாங்கி, கும்பிட்டு, கதவு வரைக்கும் போனவர் திரும்பி நின்றார். "வேற ஒண்ணுமில்லீங்க டாக்டர்... நேத்து ஒரு காசை முழுங்கிப்போட்டானுங்க" என்றார். டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இதை ஏனய்யா முதலில் சொல்லவில்லை என்று நான் கத்தினேன். "அவரு இருமலைப் பாத்துக்கிட்டிருந்தாருங்க. நடுவுல எப்படிங்க பேசறது?" என்றார் அந்த மனிதர்.

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். காசு தானாக வெளியே வந்துவிட்டது. எல்லாம் அப்படி முடியவில்லை.

காய்ச்சல் விட்ட பிறகு

மழை ஓய்ந்தும் ஓயாத மாதம் அது. டெங்கு ஊரெல்லாம் பரவியிருந்தது. ஹாலில் கால் வைக்க இடமில்லை. ஈரக் குடைகளின் வாடையும், வாந்தி துடைத்த பினாயில் வாடையும், யாரோ தலையில் வைத்திருந்த மல்லிகையும் சேர்ந்து ஒரு மாதிரி குமட்டும்.

டெங்குவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். படிக்கிற அம்மாக்களுக்கு உதவும். காய்ச்சல் கொதிக்கிற நாட்களில் எல்லோரும் பயப்படுவார்கள். காய்ச்சல் விட்டதும், அப்பாடா என்று மூச்சு விடுவார்கள். ஆனால் சில குழந்தைகளுக்கு ஆபத்து ஆரம்பிப்பதே அப்போதுதான். காய்ச்சல் இறங்கியிருக்கும். குழந்தை துவண்டுபோய்க் கிடக்கும். கையும் காலும் சில்லிட்டிருக்கும். வயிறு வலிக்கிறது என்று சொல்லும், வாந்தி எடுக்கும், மூத்திரம் சரியாகப் போகாது. உள்ளே ரத்த ஓட்டம் குறைந்துகொண்டே போகும். வெளியே பார்க்கிறவர்களுக்குக் குழந்தை அசந்து தூங்குகிற மாதிரி இருக்கும்.

கோகிலாவின் மகனுக்கு அந்த மாதிரிதான் இருந்தது. பெயர் தரணீஷ். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த வயசு. ராத்திரியே காய்ச்சல் விட்டுவிட்டது. இருந்தாலும், ஒரு தடவை காட்டிவிடலாம் என்று காலையில் முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் மில்லில் ஷிப்ட் முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

நான் அன்று உள்ளே வார்டில் இருந்தேன். ஹாலில் நடந்ததைப் பிற்பாடு டோக்கன் பெண் அழுதுகொண்டே சொன்னதிலிருந்துதான் எனக்குத் தெரியும்.

கோகிலாவின் முறை சீக்கிரமே வந்திருக்கிறது. எழுந்தும்விட்டாள். பக்கத்தில் ஒருத்தியின் கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. "நீங்க மொதல்ல போங்க. உங்க பாப்பா அழுகுதுங்க. எங்க தம்பி தூங்கறான்" என்று அவளை உள்ளே அனுப்பியிருக்கிறாள். அடுத்தது சத்தியமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், பேத்தியோடு. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று முனகியிருக்கிறார். "நீங்க போயிட்டு வாங்க. எங்களுக்கு அவசரமில்லீங்க." அப்புறம் இன்னொருத்தி, அவளுக்கு இரட்டைக் குழந்தைகள், இரண்டும் சேர்ந்து அழுகிறது. "பாவம், நீங்க போங்க."

டோக்கன் பெண்ணுக்கு அன்று காலையிலிருந்து எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஹாலில் கிடைத்த ஒரே நல்ல மனுஷி அவள்தான். "அவங்களைப் பாத்தாலே நிம்மதியா இருந்துச்சு சிஸ்டர்" என்றாள் என்னிடம். அவளை என்ன சொல்வது? அழுகிற குழந்தையைத்தான் யாரும் பார்ப்பார்கள்.

கடைசியில் டாக்டர் ஏதோ கேட்பதற்காக வெளியே வந்தவர், போகிற போக்கில், கோகிலாவின் மடியில், டர்க்கித் துண்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த தரணீஷின் காலைப் பார்த்திருக்கிறார். குனிந்து தொட்டுப் பார்த்தார். அடுத்த நிமிஷம் பையனை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். அவர் ஓடி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கனத்த உடம்பு அவருக்கு.

கோகிலா பின்னாலேயே வந்தாள். "காச்சல் உட்டுருச்சுங்க. மேலு ஜில்லுன்னுதானுங்க இருக்குது" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் சொன்ன பொய்

என்னென்ன செய்தோம் என்பதை எழுதப் போவதில்லை. சலைன் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அந்தச் சின்னக் கையைத் தட்டித் தட்டித் தேடியது என் விரலுக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. எங்களால் முடிந்த எல்லாவற்றையும் செய்தோம். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரும் வந்து பார்த்தார். மறுநாள் மத்தியானம் பையன் போய்விட்டான்.

கோகிலா கேட்ட முதல் கேள்வி, "நான் சீக்கிரம் காட்டியிருந்தா?" என்பதுதான். முழுசாகக் கூடக் கேட்கவில்லை.

டாக்டர் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கும் அதே கொங்குப் பேச்சு. "இல்ல அம்மணி. காத்தால வந்ததும் நான் பாத்திருந்தாலும் இதேதான் ஆயிருக்கும். உம்மேல ஒரு தப்புமில்ல. இதை மனசுல வெச்சுக்காத" என்றார்.

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "செரிங்க" என்றாள்.

அவள் வீட்டுக்காரர், மாமியார், அவள் அண்ணன், எல்லோரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். எல்லோரும் கேட்டார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்றுதான் டாக்டர் அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னார். எனக்கு அது புரிந்தது. அன்றைக்கு அவர் மேல் எனக்கிருந்த மதிப்பு இன்னும் கூடியது.

காலையிலேயே பார்த்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பிழைக்க நிறைய வாய்ப்பு இருந்தது. டாக்டருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். அந்த வாரமே ஹாலில் ஒரு நர்ஸை நிரந்தரமாக நிற்க வைத்தார் டாக்டர். அழுகிற குழந்தை இருக்கட்டும், அழாத குழந்தையை முதலில் தொட்டுப் பார் என்பது அவளுக்கு உத்தரவு. அதற்கப்புறம் அங்கே எத்தனையோ குழந்தைகள் நேரத்தோடு உள்ளே வந்தார்கள். தரணீஷுக்கு அது உதவவில்லை என்பது மட்டும் எனக்கு ஆறவே இல்லை.

பையனைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். கோகிலா ஏறப் போனவள் இறங்கி என்னிடம் வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்களுக்கெல்லாம் நெம்பத் தொந்தரவு குடுத்துட்டோமுங்க சிஸ்டர்" என்றாள்.



புகை அறையில்

இப்போது அந்தப் பிஸ்கட் குழந்தைக்கு வருகிறேன்.

யாரையும் கேட்காமல் நானே கோகிலாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். பின்னால் அந்தப் பெரியவர் என்னையும் சேர்த்துத் திட்டினார். திட்டட்டும். டாக்டர் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பேனாவை மூடி வைத்தார். சாதாரணச் சளிக்கு யாரும் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள். காலைத் தொட்டுப் பார்த்தார், கையைத் தொட்டுப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்ல அம்மணி. வெறும் சளி. கொஞ்சம் வீசிங் இருக்குது, புகை வெச்சாச் செரியாப் போயிரும்" என்றார்.

நெபுலைசர் புகை வைக்கும் அறையில் நாங்கள் மூன்று பேர்தான். மிஷின் இரைந்துகொண்டிருந்தது. முகத்தில் மாஸ்க்கை வைத்ததும் குழந்தை கத்தித் தீர்த்தது. கோகிலா அந்த அழுகையை நல்ல பாட்டுக் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெளிய திட்டினதை மனசுல வெச்சுக்காதேம்மா" என்றேன்.

"திட்டட்டுமுங்க. இவளைப் பாத்துட்டாங்கல்ல, அது போதுமுங்க."

பிறகு, மாஸ்க்கைச் சரி செய்தபடியே, "எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க சிஸ்டர்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"டாக்டரு, எங்க தம்பி காலைத் தொட்டாருங்க. தொட்டுட்டு அந்த டோக்கன் புள்ளைகிட்ட, இவங்க எப்ப வந்தாங்கன்னு கேட்டாரு. அது, காத்தாலயேங்க டாக்டர்னு சொல்லுச்சு. அப்ப அவரு மொகத்தைப் பாத்தனுங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. டாக்டர்தான் அன்னைக்கே சொன்னாரே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "செரிங்க" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்து டாக்டரிடம் சொன்ன அதே "செரிங்க".

போகும்போது மட்டும் என் கையைத் தொட்டு, "டாக்டருகிட்டச் சொல்லீராதீங்க சிஸ்டர். அவரு எனக்கோசரம் சொன்னது. நான் நம்பலீன்னு தெரிஞ்சா நெம்பச் சங்கடப்படுவாரு" என்றாள்.

அன்று மத்தியானம் டாக்டர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "சிஸ்டர், அந்தப் பொண்ணு தேறி வந்துருச்சு பாத்தீங்களா? அன்னைக்கு நான் உண்மையச் சொல்லியிருந்தா அது உடைஞ்சு போயிருக்கும்" என்றார்.

"ஆமா டாக்டர்" என்றேன்.

அவர் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

துக்கம் கேட்க வந்தவள்

டாக்டர் போன வருடம் காலமாகிவிட்டார். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவர், காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டார். நல்ல மனிதர். அவர் இருந்த வரைக்கும் இந்தத் தொடரை வாராவாரம் படித்துவிட்டு எனக்கு போன் செய்வார். அதனால்தான் இதை எழுதாமல் வைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் வந்தபடியே இருந்தார்கள். அவர் பார்த்து வளர்ந்த குழந்தைகள் மீசை வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். நான் டாக்டரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கோகிலா தனியாக வந்திருந்தாள். டாக்டரின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு பந்தலின் ஓரத்தில் போய் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பெண் குழந்தை நன்றாக இருப்பதாகச் சொன்னாள், ஸ்கூல் போகிறதாம். நானும் ஏதோ பேசினேன்.

"ஏனுங்க சிஸ்டர்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "டாக்டரு போயிட்டாரு. இனி நான் சொல்லலாமுங்களா?"

என்ன கேட்கிறாள் என்று எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "சொல்லும்மா" என்றேன்.

"நான்தானுங்க எடம் உட்டேன்."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

"தம்பி கை ஜில்லுன்னு இருந்துச்சுங்க. காச்சல் உட்டுருச்சுன்னு நான் சந்தோசப்பட்டுட்டு உக்காந்திருந்தேன். ஒருக்கா, அம்மா வயிறு வலிக்குதுன்னான். சித்த இரு சாமி, இந்த அக்கா போயிட்டு வந்துரட்டும்னேன். செரிம்மான்னு சொன்னானுங்க. அதுக்கப்பறம் அவன் பேசவேயில்லீங்க."

சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"ஊட்டுல இதை வாயெடுத்தாவே, அதான் டாக்டரே இல்லைன்னுட்டாரே, அப்பறம் என்னங்கறாங்க. என்ற ஊட்டுக்காரரும் அதேதான். எல்லாரும் நல்லவங்கதானுங்க. ஆனா இத்தனை வருசத்துல ஒரு தடவையாச்சும், நான்தான் உட்டேன்னு சொல்லி அழுகறதுக்கு எனக்கு ஒரு ஆளு இல்லீங்களே சிஸ்டர்."

அப்புறம் அழுதாள். அந்த ஹாலில் அழாதவள், வார்டில் அழாதவள், வண்டியில் ஏறும்போதும் கும்பிட்டுவிட்டுப் போனவள், பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். டாக்டருக்கு ரொம்ப வேண்டியவள் போல என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

உன் மேல் ஒரு தப்பும் இல்லையம்மா என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது உண்மையும்கூட. தெரியாமல் செய்ததைத் தப்பு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனாலும் அதை விழுங்கிக்கொண்டு, அவள் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவள் இன்னொரு முறை, "நான்தானுங்க எடம் உட்டேன்" என்றாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை.